கயிற்று முனையில் ஒரு முடிச்சு

வீட்டுக் கதவை நான்தான் பூட்டினேன். என் மனைவி ஈனெகெ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். எங்கள் விடுமுறை இப்படித்தான் ஆரம்பித்தது.

சலிப்பு என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. இரண்டரை வருடமாக நான் அணைத்த அடுப்பை அவள் இன்னொரு முறை திருகிப் பார்க்கிறாள். நான் மூடிய ஜன்னலைத் தட்டிப் பார்க்கிறாள். காரை அவளே ஓட்டுகிறாள், பக்கத்தில் நான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் என் பிழைப்பே படகுகளுக்காகப் பாலம் திறந்து மூடுவது. கௌடா நகரில் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, நாலு பாலங்களை இயக்குகிறேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு சைக்கிள்காரர் தலையில்கூடத் தடுப்புக் கட்டை இறங்கியதில்லை. ஊரே என்னை நம்பித் தண்ணீரைக் கடக்கிறது. வீட்டில் மட்டும் என் கைக்கு மதிப்பில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாறை ஏறுவது எங்கள் இருவருக்கும் விளையாட்டு. ஆனால் எங்கள் நாட்டில் பாறை கிடையாது. ஏறுவதென்றால் பயிற்சி ஹாலுக்குப் போய், பிளாஸ்டிக் பிடிகள் பதித்த சுவரில் ஏற வேண்டும். அங்கே கயிறு ஹால்காரர்களுடையது. சுவரின் உயரத்துக்குத் தக்கபடி அவர்களே நீளமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பதினொரு வருடம் அங்கே ஏறினோம். கயிற்றுக்கு முனை என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அப்புறம் ஒரு மே மாதம், சொந்தமாகக் கயிறு வாங்கிக்கொண்டு பெல்ஜியத்துக்குப் போனோம். கயிறு அறுபது மீட்டர். பாறை முப்பத்திரண்டு மீட்டர். கயிறு உச்சி வளையம் வரை ஏறித் திரும்ப இறங்க இரட்டிப்பு வேண்டும், அறுபத்து நாலு. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு. நான் போடவில்லை. முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் அது என் இடுப்பிலிருந்த, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவியில் வந்து சிக்கி நின்றிருக்கும். அதையும் போடவில்லை. உச்சியைத் தொட்டவளை, கீழே நின்று கயிற்றை விட்டு விட்டு இறக்கிக்கொண்டே இருந்தேன். திடீரென்று என் கையில் ஒன்றுமில்லை.

நாலு மீட்டர். குதிகால் எலும்பு மூன்றாக உடைந்தது. ஈனெகெ இருபத்தாறு வருடம் நடந்து நடந்து தபால் கொடுத்தவள். இப்போது பார்சல் கவுன்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறாள். ஒரு நாள்கூட என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த ஆகஸ்டில் ஒருநாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "அக்டோபர்ல கலிம்னோஸ் தீவுக்கு ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிட்டேன். குழுவா போறது, கூட வழிகாட்டி இருப்பாங்க. ஒரு வாரம்."

"ஏறவா? நீயா?"

"ஆமா. அந்த ஒரு வாரத்துல உன் கயித்துல என்னால ஏற முடிஞ்சா ஏறறேன். முடியலன்னா கயித்த வித்துடலாம். அப்புறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு கெடக்கலாம், ஒரே வீட்டுக்குள்ள. எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். பேச்சு கயிற்றைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்குப் புரியாமல் இல்லை.

கோஸ் தீவு வரை விமானம், அங்கிருந்து படகு. குழுவில் எட்டுப் பேர், எல்லாரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஹால்களில் ஏறிப் பழகியவர்கள். வழிகாட்டி சாஸ்கியா, இருபத்தொன்பது வயது, ஏழு வருடமாகத் தீவிலேயே குடியிருக்கிறாள். வெயிலில் காய்ந்து சுக்காக இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், தக்காளித் தட்டுகள் வருவதற்குள்ளேயே சட்டம் போட்டுவிட்டாள்.

"ரெண்டே ரெண்டு விதி. ஒண்ணு, ஏறறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் சோதிக்கணும். கண்ணால பாத்தா போதாது, முடிச்சத் தொட்டு இழுத்துப் பாக்கணும். என் முடிச்சையும்தான். ரெண்டு, தெனமும் சாப்பிடும்போது அன்னிக்குச் செஞ்ச தப்ப அவங்கவங்களே சொல்லணும். யாரும் சிரிக்கக் கூடாது."

"சிரிக்கலன்னா எதுக்குச் சொல்லணும்?" என்றான் யோப். ஸ்வொலேயில் முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். பையில் எப்போதும் உப்புப்போட்ட கறுப்பு மிட்டாய் வைத்திருப்பான். "யோவ் ரீனஸ், நீ ஆரம்பி. ஆளப் பாத்தா பாவமன்னிப்பு கேக்க வந்தவன் மாதிரியே இருக்க."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னும் ஏறவே இல்லியே. என்ன தப்பு சொல்ல?" என்று மழுப்பினேன்.

ஈனெகெ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இவன் கயித்து முனையில முடிச்சு போடல. நான் நாலு மீட்டர் விழுந்தேன். ரெண்டரை வருஷம் ஆச்சு. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கறது நல்லது."

யோப் மெதுவாக மிட்டாய்ப் பையை என் பக்கம் தள்ளினான். அந்த இரக்கம் இருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்ய.

மறுநாளிலிருந்து ஈனெகெ யோப்பின் கயிற்றில் ஏறினாள். அவளேதான் கேட்டாள். "யோப், நீங்க பிடிக்கிறீங்களா?" என்றாள், கடையில் உருளைக்கிழங்கு கேட்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை அறிமுகமான ஆள்! அவன் கையை நம்பி இருபது மீட்டர் மேலே போய், ஒரு யோசனையும் இல்லாமல் கயிற்றில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டே இறங்கிவந்தாள். நான் ஹார்லெமிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவருக்குக் கயிறு பிடித்தேன். அந்த அம்மாள் வாயே திறப்பதில்லை. என் முனை முடிச்சை மட்டும் ஒவ்வொரு முறையும் தானே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். குழுவில் எல்லாருமே பார்த்தார்கள். நான் தூக்கத்தில்கூட அந்த முடிச்சைப் போடுவேன், இரண்டரை வருடமாக ஷூ நாடாவுக்குக்கூட இரண்டு முடிச்சு போடுகிறவன். யாரிடம் போய்ச் சொல்ல?

யோப்புக்கும் சங்கடம்தான். மூன்றாம் நாள் ஆட்டுப்பாதையில் இறங்கும்போது என்னோடு சேர்ந்துகொண்டான்.

"நானா கேக்கலய்யா. அவங்களாதான் வந்தாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உன் மூஞ்சி சொல்லுதே, கடன்காரனப் பாக்கற மாதிரி. வேணும்னா நாளைக்கு இடுப்பு வலின்னு படுத்துக்கறேன்."

"வேண்டாம். நீ படுத்தா பல் டாக்டர்கிட்ட போவா. என்கிட்ட வர மாட்டா."

பாதையில் ஓர் ஆடு குறுக்கே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு இறங்கினோம்.

புதன்கிழமை ஓய்வு நாள். மற்றவர்கள் எதிரே இருக்கும் சின்னத் தீவுக்குப் படகில் போனார்கள். நாங்கள் போகவில்லை. மத்தியானம் நான் அறையைப் பூட்டினேன், ஈனெகெ கைப்பிடியை இழுத்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"இன்னும் எத்தன வருஷம்டீ இழுத்துப் பாப்ப? சொல்லு! நாட்காட்டியில குறிச்சு வச்சுக்கறேன்."

"கத்தாத. பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கறது நல்லதுன்னு நீதான சொன்ன?"

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். உட்காரும்போது இடது காலை நீட்டிக்கொள்கிறாள், எப்போதும் அப்படித்தான் இப்போதெல்லாம். "உனக்கு மட்டும்தான் அலுப்பா ரீனஸ்? ஒரு ஆள ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்கறது எனக்கென்ன சுகமா? பூட்டியிருக்குன்னு எனக்கும் தெரியுது. மனசு சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது. கார்ல நீ ஓட்டினா நான் தூங்கியே போயிடுவேன் முன்னெல்லாம், ஞாபகம் இருக்கா? இப்ப ராத்திரி படுக்கையில கூட முழுசா தூங்கறதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிழங்கள் மாதிரி இருந்தோம். கோபம் வற்றிப்போய், வெறும் அசதிதான் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். நான் நம்பிக்கையைக் கைகழுவிவிட்டிருந்தேன். காலை முழுக்க அவள் யோப்போடுதான் ஏறினாள். மத்தியானம் பாறையின் நிழலில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் தின்றோம். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டவள், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ரீனஸ், வா. நீ பிடி."

யோப் திரும்பி நின்றுகொண்டு பையில் எதையோ மும்முரமாகத் தேடினான். சாஸ்கியா காலையிலேயே அந்தப் பக்கத்தில் ஒரு கயிற்றை மேலே வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். பாறை இருபத்தைந்து மீட்டர், கயிறு எழுபது. ஒரு முனை ஈனெகெவுக்கு, மறுபாதி எனக்கு. சாஸ்கியா கொஞ்சம் தள்ளி, பல் மருத்துவருக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கயிற்றுக்குத் திரும்பினாள்.

நான் என் பக்கத்து முனையில் முடிச்சைப் போட்டேன். இறுக்கினேன். கயிற்றைக் கருவியில் நுழைத்து இடுப்பில் மாட்டினேன். ஈனெகெ எதிரே நின்று தன் முனையில் எட்டு வடிவ முடிச்சைப் போட்டு, நுனியை இடுப்புப்பட்டையின் வளையங்களுக்குள் விட்டாள். அந்த நுனியைத் திரும்ப அதே எட்டின் வழியாகவே கொண்டுபோய் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கனம் விழுந்ததும் கயிறு உருவிக்கொண்டு போய்விடும். கொண்டுபோக இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"முனையில போட்டியா?"

"போட்டேன்."

"இரு."

அப்படியே வந்து, குவிந்து கிடந்த கயிற்றைக் கிளறி, முனையைத் தேடி எடுத்தாள். முடிச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். மூன்றாவதாக முழு பலத்தோடு இழுத்தாள். என் கருவியையும் இழுத்துப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பிப் போய், பாறையில் இரண்டு கையையும் வைத்தாள். காற்றைத் தடுக்கப் போட்டிருந்த சிவப்பு மேல்சட்டை இடுப்பை மூடியிருந்தது.

"சரி. ஏறறேன்."

விதிப்படி நான் அவளைச் சோதிக்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு? அவளை ஒருமுறை கீழே போட்டவன், அவள் முடிச்சைத் தொட்டு இழுத்து, சரியா போட்டியா என்று கேட்பதா? கேட்காமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஏறட்டும், மனசு மாறுவதற்குள் ஏறிவிடட்டும் என்றுதான் இருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

"நில்லு," என்றேன்.

"இப்ப என்ன?" குரலில் எரிச்சல்.

"சோதிக்கணும். விதி."

"சீக்கிரம் பாரு."

கிட்டப் போய்ச் சட்டையைத் தூக்கினேன். எட்டு வடிவ முடிச்சு இருந்தது. வளையங்களுக்குள் கயிறு போயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நுனி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டுவிட்டு என் முடிச்சைப் பார்க்க வந்தவள், தன் முடிச்சை மறந்துவிட்டாள். இப்படியே மேலே போய்க் கயிற்றில் உட்கார்ந்திருந்தால்? இருபத்தைந்து மீட்டர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் வந்தது பயமில்லை. மாட்டினாயா என்று ஒரு கேடுகெட்ட சந்தோஷம் எழுந்தது. இரண்டரை வருடமாக நான் காத்திருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா! பயம் அடுத்த நொடிதான் வந்தது. பாறையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நுனியைத் தூக்கி அவள் கண்ணுக்கு எதிரே பிடித்தேன்.

பார்த்தாள். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. காலைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து நுனியை வாங்கி, எட்டின் வழியே ஒவ்வொரு வளைவாகக் கொண்டுபோய் முடித்தாள். முடித்துவிட்டு, சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இழுத்துப் பாரு," என்றாள்.

இழுத்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ."

இழுத்தேன். பிறகு அவள் ஏறினாள். இடது குதிகாலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். அவள் ஏற ஏற நான் தொய்வை இழுத்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலித்தது, கண்ணில் வியர்வை, துடைக்கக் கை இல்லை. மேலே வளையத்தைத் தொட்டாள். இனிமேல் பாறையை விட்டுவிட்டுக் கயிற்றில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சிவப்பு முதுகு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பிடியாகத் தானே இறங்கி வந்துவிடுவாளோ என்று நினைத்தேன். வந்தால் அதுதான் பதில். எத்தனை நிமிடம் என்று தெரியாது. நான் கூப்பிடவில்லை. அவசரப்படுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு கை விட்டது. அப்புறம் மற்ற கை.

அவளுடைய முழுக் கனமும் என் இடுப்பில் வந்து இறங்கியது. என் குதிகால்களைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கித்தான் விட்டது. இரண்டரை வருடத்தில் முதல்முறையாக அந்தக் கனம். தாரைதாரையாக அழுதேன், சத்தமில்லாமல். யார் பார்த்தால் என்ன? விரல் விரலாகக் கயிற்றை விட்டு இறக்கினேன்.

தரையில் கால் பட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இவ்ளோ மெதுவா எறக்குவாங்களா? கால் மரத்துப்போச்சு" என்பதுதான். பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பாதி முடிச்சை வேறு யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லவும் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சாயங்காலம் கடைசிச் சாப்பாடு. ஆட்டுக்கறி வந்தது. தப்புகள் மேஜையைச் சுற்றி வந்தன. யோப் தொண்ணூற்றிரண்டு கிலோவுக்குப் போதாத காற்சட்டை போட்டதைச் சொன்னான். சிரிக்கக் கூடாதென்ற விதியை சாஸ்கியாவே மீறினாள். என் முறை வந்தபோது, ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

"ஒண்ணுமே இல்லியா? புண்ணியவான்!" என்றான் யோப்.

"என்கிட்ட இருக்கு," என்றாள் ஈனெகெ. முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "மத்தியானம் பாதி முடிச்சோட ஏறப் போனேன். இவன் முடிச்ச மூணு தடவ இழுத்துப் பாத்தேன், என்னோடத முடிக்கவே இல்ல. இவன் நில்லுன்னு சொன்னான். சொல்லலன்னா நாளைக்கு நீங்க எல்லாரும் ஊருக்குப் போவீங்க, நான் சவப்பெட்டியில போயிருப்பேன்."

சாஸ்கியாவின் முகம் வெளுத்துவிட்டது. பல் மருத்துவர், வாரம் முழுவதும் வாய் திறக்காதவர், எழுந்து சுற்றி வந்து எனக்கு ஒயின் ஊற்றினார். "உங்க முடிச்ச நான் பதினெட்டுத் தடவ எட்டிப் பாத்தேன், ரீனஸ்," என்றார். "என்னோடத ஒருநாளும் நானா இழுத்துப் பாத்ததில்ல."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்கிப்போல் விமான நிலையத்தில் இறங்கினோம். ஊரில் எப்போதும்போல மழை. கார் நிறுத்தத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, வழக்கம்போல மூட்டை உட்காரும் பக்கத்துக்கு நடந்தேன். அங்கே ஈனெகெ ஏற்கெனவே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டியிருந்தாள். சாவி ஓட்டுநர் இருக்கையில் கிடந்தது.

"நீ ஓட்டு," என்றாள். "என்னால முடியல. ஒடம்பெல்லாம் வலி."

கடைசியாக ஓட்டி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் எண்பதில்தான் போனேன், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். போகட்டும். லைடர்டோர்ப் வருவதற்குள் அவள் தலை சரிந்து கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட விட்டாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அணைந்ததா என்று பார்க்க அவள் எழவில்லை. எனக்கும் எழுப்ப மனம் வரவில்லை. மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.